மீட்டிங் ஹவுஸ் படத்துக்கு மாலை

1

போன சனிக்கிழமை ஹரோவில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது. போய்த் தொலைத்ததால் எழுதுகிறேன். லண்டனில் தமிழ் எப்படி வளர்கிறது என்று ஊரில் இருந்து ஆசையாகக் கேட்கிறீர்கள் அல்லவா, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன அறையில் நாங்கள் தொடங்கிய சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழா. இப்போது அது வகுப்பு இல்லை, பெரிய பள்ளிக்கூடம். கலியாண மண்டபம் ஒன்றை எடுத்திருந்தார்கள். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு, எல்லாம் முறைப்படி. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் மரச்சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. செங்கல் கட்டடம், உயரம் குறைந்த கதவு, இரண்டு உயரமான ஜன்னல்கள், கதவுக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்தபடி ஒரு தொப்பிக்காரப் பெண்மணி. படத்துக்கு மஞ்சள் செவ்வந்தி மாலை. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும்.

எனக்குப் பகீரென்றது. செத்தவர்களுக்கு அல்லவா இப்படி மாலை போடுவோம்? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அது அந்தப் படமேதான். நகல் இல்லை. சட்டத்தின் கீழ் மூலையில் இருந்த வெடிப்புக்கூட அப்படியே இருந்தது. படத்தில் இருக்கிற அந்தக் கட்டடம் விற்கப்பட்ட நாளிலிருந்து அந்தப் படம் எங்கே போனது என்று நான் விசாரிக்காத ஆள் இல்லை.

“அம்மா, ப்ளீஸ். டோன்ட் ஸ்டார்ட்,” என்றாள் என் மகள் அபி.

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே.”

“யூ ஹாவ் தட் ஃபேஸ்.”

வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். ஜேர்மனியிலும் எடுத்தேன், இங்கேயும் எடுத்தேன். வீட்டில் இவர் ஹீத்ரோவில் ஷிப்ட் முடிந்து வந்தால், நான் கதைத்து முடிக்கும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார் என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், வாயைத் திறக்கவேண்டிய இடத்தில், திறக்காமல் இருந்தேன். அந்தக் கதைதான் இது.

2

படத்தில் இருப்பது குவேக்கர்களின் மீட்டிங் ஹவுஸ். எந்த இடம் என்று எழுத மாட்டேன். மேற்கு லண்டன், ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே குடியிருக்கிற சனங்களுக்கு என் கோபத்தில் பங்கு கிடையாது.

குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவ வழியில் வந்தவர்கள். ஆனால் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, மணி இல்லை, சிலுவைகூட இல்லை. ஞாயிறு காலையில் வாங்குகளைச் சதுரமாகப் போட்டு, ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து ஏதாவது வந்தால் எழும்பிச் சொல்வார்கள். வராவிட்டால் கைகுலுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். முதல் நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சாமி எந்தப் பக்கம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

அதற்கு முன்னர் வகுப்புக்கு இடம் கேட்டு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கவுன்சில் மண்டபத்தில் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டார்கள். கொடுத்தால், தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்தக் கதவால் ஓடுவார்கள் என்று படம் கீறித் தரச் சொன்னார்கள். கீறிக் கொடுத்தால், நான் பிள்ளைகளோடு இருக்கத் தகுதியான ஆளா என்று பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அதுவும் வந்தது. அதற்குள் அந்த மண்டபத்தை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மீட்டிங் ஹவுஸில் எங்களை வரவேற்றவர் மார்கரட். ஓய்வுபெற்ற தாதி, மெலிந்த உடம்பு, எப்போதும் நீல நிறக் கம்பளிச் சட்டை. அவரும் அந்தப் பேப்பர்கள் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தார். பார்த்து முடித்ததும், ஜன்னலோரப் பக்க அறையைக் காட்டி, “போதுமா?” என்றார். இரண்டாவது கிழமை கதவுத் திறப்பை என் கையில் தந்துவிட்டார். அகதி என்று வந்த நாளிலிருந்து என்னிடம் பத்திரம் கேட்டவர்கள்தான் அதிகம். திறப்புத் தந்த முதல் ஆள் அவர்.

அந்தக் கட்டடம் முழுவதிலும் இருந்த ஒரே படம் இதுதான், நடையில் மாட்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தியது என்பார்கள். அதை வைத்து நான் ஒரு வழக்கம் உண்டாக்கினேன். புதிதாகச் சேரும் பிள்ளை அரிச்சுவடிக்கு முதல் அந்தப் படத்துக்கு முன் நின்று, என்ன தெரிகிறது என்று தமிழில் சொல்லவேண்டும். “கதவு.” “ஜன்னல்.” “தொப்பி அம்மா.” கடைசியாக எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்கிற இடம் நாய். வாங்குக்குப் பக்கத்தில் ஒரு நாய் நின்றிருக்கிறது, படம் எடுக்கும்போது தலையை ஆட்டிவிட்டது. அதனால் இரண்டு தலை. “ரீச்சர், ரெண்டு தலை நாய்!” என்று கத்தாமல் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் சேர்ந்ததில்லை. என் அபியும் அப்படித்தான் தொடங்கினாள்.

வலது பக்கத்து ஜன்னல்தான் எங்கள் அறை. உள்ளே இருந்து அந்த ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தொப்பி அம்மா இருந்த இடம் தெரியும். பிள்ளைகள் இடைவேளையில் அங்கே இருந்து மிக்சர் சாப்பிடுவார்கள்.

3

வகுப்பை என்னோடு சேர்ந்து தொடங்கியவர் சிவநேசன் அண்ணை. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

நாங்கள் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு மாறி வந்தபோது பஸ் நிலையத்தில் வந்து நின்றவர் அவர். வீடு பார்த்துத் தந்தார். அபிக்குப் பள்ளிக்கூடம் எடுக்க, கவுன்சில் ஒபிசில் என்னோடு நாள் முழுக்கக் குந்தியிருந்தார். என் இங்கிலீசு அப்போது ஜேர்மன் மணக்கும், நான் வாயைத் திறந்தால் கவுண்டரில் இருக்கிறவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். “தங்கச்சி, நீர் பேசாமல் இரும், நான் கதைக்கிறன்,” என்பார். கதைப்பார். காரியமும் நடக்கும். கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேர் எனக்கு இருக்கிறார்கள். ஆனாலும் வாய் நிறைய அண்ணை என்று கூப்பிட்டது இவரைத்தான்.

வகுப்புக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆனபோது அந்தச் செய்தி வந்தது. குவேக்கர்கள் குறைந்துபோனார்கள், இருக்கிறவர்களும் வயதாளிகள், கூரை ஒழுகுகிறது, கட்டடத்தை விற்பதா வைத்திருப்பதா என்று யோசிக்கக் கூட்டம் கூடப் போகிறார்கள். அங்கே இடம் எடுத்திருக்கிற நாங்களும் வந்து எங்கள் மனதில் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று மார்கரட் சிவநேசன் அண்ணையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் ஒரு கிழமையாக இங்கிலீசில் பேச்சுப் பாடமாக்கினேன். கோப்பை கழுவும்போது பேசுவேன். பஸ்ஸில் உதட்டுக்குள் பேசுவேன். அந்த அறை போனால் வகுப்பும் போகும், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் பிள்ளைகளில் கனபேர் நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவர்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் அண்ணை வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி, ஒண்டு சொல்லுறன் கேளும். அவையின்ர கூட்டத்தில நாங்கள் நினைச்சபடி எழும்பிக் கதைக்கப்படாது. மௌனம்தான் அவைக்கு மரியாதை. உம்மட வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.”

“அப்ப எங்கட விஷயத்தை ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன். எல்லாருக்கும் சேர்த்து நான் ஒராள் கதைச்சால் போதும். நீர் தலையைக் குனிஞ்சுகொண்டு இரும்.”

“அறையை விட ஏலாது எண்டு வடிவாச் சொல்லுவியள்தானே அண்ணை?”

“பின்ன? அதுக்குத்தானே போறம்.”

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்னும் இரண்டு வைக்கட்டோ என்று நான் கேட்டுக் கேட்டு வைத்தேன்.

4

கூட்டம் ஞாயிறு மத்தியானம். எங்கள் பக்கத்தில் நான், சிவநேசன் அண்ணை, பெற்றோரில் ஐந்தாறு பேர். அபிக்கு அப்போது பதினாறு வயது, வீட்டில் தனியே விட மனமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பின் வாங்கில் இருந்தாள்.

அவர்களுடைய முறையைச் சொல்லவேண்டும். குவேக்கர்கள் கை உயர்த்தி வாக்கெடுப்பதில்லை. கூட்டத்தை நடத்துகிறவரைக் கிளார்க் என்பார்கள், அன்று மார்கரட்தான் கிளார்க். ஒருவர் எழும்பிப் பேசுவார், இருப்பார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இன்னொருவர். எல்லோருடைய மனமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கிளார்க் பார்த்து, அந்த இடத்திலேயே முடிவை எழுதி, வாசித்துக் காட்டுவார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று தெரிந்தது அண்ணை சொன்னது மட்டும்தான்.

மார்கரட் எங்கள் பக்கம் திரும்பி, இது விற்கப்படுவதில் உங்களில் யாருக்காவது மனச்சங்கடம் இருக்கிறதா என்று கேட்டார். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. என்னிடம் பதிலும் இருந்தது. ஆனால் பேசவேண்டியவர் அண்ணை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கைகளைக் கோத்து மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரி, மனுசன் தயாராகிறார், மரியாதைக்காகக் கொஞ்சம் பொறுக்கிறார் என்று நினைத்தேன்.

அமைதி நீண்டது. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்து பிள்ளையாரைக் கூப்பிட்டேன், “அப்பனே, இந்த அறையை மட்டும் விட்டுத் தா.” மார்கரட் என்னைப் பார்ப்பது தெரிந்தது. மரியாதை என்று எண்ணி இன்னும் குனிந்தேன். பாடமாக்கிய இங்கிலீசுப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுங்கினேன்.

மார்கரட் எழுதினார், வாசித்தார். கட்டடத்தை விற்பது என்று ஒருமனமாக முடிவாகியிருக்கிறது, தமிழ் வகுப்பு நண்பர்களும் கூட இருந்து சம்மதித்தார்கள். அவ்வளவுதான்.

வெளியே வந்து அண்ணையின் கையைப் பிடித்து உலுப்பினேன். “ஏன் அண்ணை கதைக்கேல்லை? ஏன்?”

“கதைச்சு என்ன பிள்ளை? அவை முதலே முடிவெடுத்திட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டவை. பார்க்கேல்லையே, அந்த இடத்திலயே எழுதி வாசிக்கினம்! வெள்ளைக்காரன் எப்பவும் வெள்ளைக்காரன்தான்.”

அழுதேன். அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

5

பிறகு நடந்தது மளமளவென்று நடந்தது. வகுப்பு ஹரோவில் ஒரு பெரிய பள்ளியோடு இணைந்தது. சிவநேசன் அண்ணை அதன் தலைவர் ஆனார். அடுத்த வருஷப் பள்ளிக் கலண்டரில் கழுத்தில் மாலையோடு அவருடைய படம் வந்தது. ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் நானும் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். அங்கே பாடத்திட்டம், பரீட்சை, கேடயம் எல்லாம் இருந்தன. இரண்டு தலை நாய்க்கு நேரம் இருக்கவில்லை. ஒரு நாள் நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்து வந்த பிள்ளைகளில் பாதி ஹரோவுக்குப் போகவே இல்லை. அபி முதல் கிழமையோடு முழுக்குப் போட்டாள். இன்று நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறாள். “அம்மா” என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மார்கரட் மீது எனக்கிருந்த ஆத்திரம் சொல்லி மாளாது. திறப்புத் தந்த கையாலேயே எழுதித் தள்ளிவிட்டாளே என்று மனம் கொதித்தது. நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார், பதில் போடமாட்டேன்.

அந்தக் கட்டடம் இப்போது ஃபிளாட். பஸ்ஸின் மேல்தட்டில் போனால் தெரியும். எங்கள் ஜன்னலில் யாரோ சாம்பல் நிறத் திரை போட்டிருக்கிறார்கள்.

6

இனி விழாவுக்கு வருவோம். முன்வரிசையில் எனக்கு ஒதுக்கிய கதிரைக்குப் பக்கத்தில் மார்கரட் இருந்தார். தடி ஊன்றிக்கொண்டு, அதே நீலச் சட்டையில், யாரோ போட்டுவிட்ட பொன்னாடையோடு. நான் எழும்பி வேறு இடம் பார்க்க நினைத்தேன். அவர் அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார்.

“படத்தை இன்றைக்குத் தந்து உதவினீர்களே, சந்தோஷம்,” என்றார்.

“நான் தந்தேனா?”

“உங்களுக்கென்றுதானே கொடுத்துவிட்டேன். அந்த நாய் உங்கள் பிள்ளைகளுடையது அல்லவா? சிவாவிடம் கொடுத்துவிட்டது கிடைக்கவில்லையா?”

மேடையில் சிவநேசன் அண்ணை தலைவர் உரை ஆற்றிக்கொண்டிருந்தார். “எங்களை அந்த இடத்தில இருந்து எழுப்பினவை. நான் தனி ஒருவனாக நிண்டு போராடினேன். கடைசிவரை குரல் கொடுத்தேன்,” என்றார். கைதட்டல். ஒரு சொல்லும் விளங்காத மார்கரட்டும் சிரித்துக்கொண்டு கைதட்டினார்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

“பழைய கதை,” என்றேன்.

“உங்கள் எல்லோருக்கும் பெரிய இடம் தேவைப்பட்டது, எங்கள் மனம் நோகுமென்று சொல்லத் தயங்குகிறீர்கள் என்று சிவா கூட்டத்துக்கு முந்திய கிழமை வந்து சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் அன்று அமைதியை அவ்வளவு நேரம் விட்டு வைத்தேன். உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசாமல் இருக்கிற ஆளா? நீங்களே பேசவில்லை என்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எழுதினேன்.”

பாவி மனுசன். என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, என் வாயைக் கட்டிவிட்டு, கட்டிய வாயையே சாட்சியாகக் காட்டியிருக்கிறார். எதற்கு? தலைவர் என்று ஒரு கதிரைக்கு. பிள்ளைகளோடு வந்தால்தான் ஹரோவில் அந்தக் கதிரை. எங்கள் அறை இருக்கும்வரை பிள்ளைகள் வரமாட்டார்கள்.

நன்றியுரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆரம்ப கால ஆசிரியை என்று ஒரு மரியாதை. ஏறினேன். மைக்கைப் பிடித்தேன். சொல்ல ஆயிரம் இருந்தது, ஒன்றும் வரவில்லை. சனம் நெளியத் தொடங்கியது. சிவநேசன் அண்ணை சிரித்துக்கொண்டு கிட்ட வந்து, “ரீச்சருக்கு உணர்ச்சி மிகுதியால கதைக்க ஏலாமல் கிடக்கு. அவவின்ர மனசு எங்களுக்கு விளங்கும்,” என்று மைக்குக்குக் கையை நீட்டினார். சனம் கைதட்டியது.

அப்போதும் என் மௌனத்துக்கு அவர்தான் அர்த்தம் சொல்கிறார்! நான் மைக்கை விடவில்லை.

“எனக்குச் சம்மதமில்லை அண்ணை,” என்றேன். “அண்டைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை. அறையை விட ஏலாது எண்டு சொல்லத்தான் நான் வந்தனான். கதைக்கிறன் எண்டு சொல்லி என்ர வாயைக் கட்டினது நீங்கள். மார்கரட் எங்களை எழுப்பேல்லை. நீங்கள்தான் எழுப்பினீங்கள்.”

அவர் முகம் கறுத்தது. “தங்கச்சி, இது அதுக்குரிய இடமில்லை,” என்றார் மெதுவாக. அதுவரைக்கும் எந்த இடம்தான் உரிய இடமாக இருந்தது? யாரோ சைகை காட்ட மைக் செத்துப்போனது. நடன உருப்படிக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சலங்கையோடு ஓடிவந்தன, பாவம், அவர்களுக்கு வழிவிட்டு இறங்கினேன்.

வாசலில் மாலையைக் கழற்றிக் குத்துவிளக்கடியில் வைத்தேன். படத்தைச் சட்டத்தோடு தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். தடுக்க ஒருவரும் வரவில்லை.

7

மார்கரட்டை வீட்டில் இறக்கிவிடுவதாக அபி சொல்லியிருந்தாள். அபி காரை ஓட்ட, அவர் முன் சீட்டில், நான் பின்னால் படத்தோடு. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன். குங்குமம் சரியாக நாயின் மேல்தான் வைத்திருந்தார்கள்.

“மேடையில் என்ன சொன்னீர்கள்?” என்று மார்கரட் திரும்பாமலே கேட்டார்.

சொன்னேன். முதலில் இங்கிலீசில் அந்த ஒரு வசனம், எனக்குச் சம்மதமில்லை என்று. பிறகு மிச்சம் எல்லாம்.

இரண்டு சிக்னல் தாண்டியது.

“அந்த ஒரு வசனத்தை அன்று ஒரேயொரு ஆள் சொல்லியிருந்தால், என்னால் எழுதியிருக்க முடியாது,” என்றார் மார்கரட். “எங்கள் முறை அப்படி. வீட்டுக்குப் போய் யோசித்து, அடுத்த மாதம் திரும்பக் கூடியிருப்போம். உங்களுக்காக வேறு வழி தேடியிருப்போம். நான் வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். பெயர் சொல்லிக் கேட்டிருக்கலாம்.”

ஒரு ஆள். நான் அந்த வாங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேரில் ஒருவராவது.

“அம்மா,” என்றாள் அபி. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. கன காலத்துக்குப் பிறகு தமிழில் கதைத்தாள், துண்டு துண்டாக. “எனக்குத் தெரியும். சிவா மாமா எல்லாப் பேரன்ட்சிட்டயும் ஹரோவுக்குப் போவம் எண்டு சொன்னவர். அவைக்கு அங்க உள்ள கார் பார்க் வேணும். உங்களிட்ட மட்டும்தான் சொல்லேல்லை. நான் பின்னால இருந்தனான். மார்கரட் கேட்டது எனக்கு விளங்கினது. நீங்கள் பிராக்டிஸ் பண்ணினதும் தெரியும்.”

“பிறகு?”

“ஐ வாண்டட் மை சாட்டர்டேஸ், அம்மா. வகுப்பு இல்லாத சனிக்கிழமை. எனக்குப் பதினாறு வயசு.”

மார்கரட் வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார். அபி திரும்பி, “அம்மா, ஓகேயா? ஏதாவது சொல்லுங்கோ,” என்றாள். மடியில் படம் கிடந்தது. அவள் முதன்முதலில் தமிழ் பேசிக் காட்டிய படம். நாலு வயதில் அந்த நாயைக் காட்டிக் கத்திய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஹவுன்ஸ்லோ வந்து, கார் நின்று, வீட்டுக் கதவைத் திறந்து, படத்தைச் சுவரோடு சாத்திவைக்கும்வரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று ஒருவரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.